நாகலூர்ப் பக்கம் ஒரு அகல வெடிப்பு: எப்படி ஏறுவது, என்ன பெயர் வைப்பது?

நாகலூர்_காற்று

வணக்கம் மக்களே. சொந்த ஊர் சேலம், பிழைப்பு பெங்களூரில். ராமநகரா பாறைகளில் கயிறு கட்டி ஏறப் பழகியவன். விரல் நுழைகிற கிராக் (வெடிப்பு), கை நுழைகிற கிராக் இரண்டிலும் தைரியமாகப் போவேன். இப்போது மாட்டியிருப்பது வேறு ரகம்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் நண்பனுடைய மாமாவுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் மேல் கோடியில், சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால், 15 மீட்டர் உயரம் இருக்கும், செங்குத்தான ஒரே பாறை. நடுவில் அடி முதல் உச்சி வரை ஒரு வெடிப்பு. முஷ்டியைத் திணித்தால் லொடலொடவென்று ஆடுகிறது, தோள் போகாது. அடியில் முழங்கால் நுழைகிறது, நடுவில் நுழைவதில்லை, உச்சிக்குக் கொஞ்சம் கீழே அகன்று ஆளே பக்கவாட்டில் புகுந்துகொள்ளலாம் போலத் தெரிகிறது. மேலே பெரிய மரங்கள் இருக்கின்றன, அவற்றில் ஆங்கர் கட்டி டாப் ரோப்பில்தான் (கயிறு மேலிருந்தே தாங்கும்) ஏறிப் பார்க்கிறோம், அதனால் யாரும் அந்த விஷயத்தில் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் உடம்பை உள்ளே தள்ளினால் நன்றாகப் பொருந்திக்கொள்கிறது, விழவே மாட்டேன், மேலேயும் போக மாட்டேன். முக்கி முனகி ஒரு சாண் ஏறினால் பெரிய விஷயம். கீழே பிலே (காப்புக் கயிறு) பிடிக்கிறவன் கொட்டாவி விடுகிறான்.

கேள்வி இரண்டு. இதை முறையாகக் கற்றுக்கொள்வது எப்படி, சேலத்தில் இருந்துகொண்டே பழக வழி உண்டா? அப்புறம், ஏறி முடித்தால் பெயர் வைக்க வேண்டுமே, அதில் இப்போதே சண்டை. ஒருவன் 'மாமியார் வீடு' என்கிறான், உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டமாம். நண்பனோ மாமா பெயரை வைத்தால் மதியச் சாப்பாடு நிற்காது என்கிறான். வெளிநாட்டு ரூட்டுகளுக்கெல்லாம் (பாறையில் ஏறுகிற வழிகள்) விசித்திரமான பெயர்களாக இருக்கின்றனவே, அவை எப்படி வந்தன? இதற்கென்று ஏதாவது வழக்கம் இருக்கிறதா?

கருங்கல்

தம்பி, விழவும் மாட்டேன், ஏறவும் மாட்டேன் என்கிறீர்களே, ஆஃப்விட்த் என்றால் அதுதான். முஷ்டிக்குப் பெரிது, உடம்புக்குச் சிறிது. கை கிராக்கில் கையை விட்டுக் கட்டை விரலை மடக்கினால் அதுவே பூட்டிக்கொள்ளும், தொங்கி மூச்சு வாங்கலாம். இந்த அளவுக்குத் தானாகப் பூட்டுகிற உறுப்பு நம் உடம்பில் இல்லை, அதனால் இரண்டு மூன்று உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டை நாமே உண்டாக்க வேண்டும். புல் அப் எடுக்கிற பலம் இதில் கொஞ்சம்தான் உதவும். சுவரில் குரங்கு மாதிரி ஏறுகிற பையன்கள் இதில் அரை மணி நேரம் அதே இடத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்கிறேன், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். ஆழமாக உள்ளே போகாதீர்கள். பயத்தில் எல்லோரும் செய்வது அதைத்தான், உள்ளே போகப் போகப் பத்திரமாகத் தோன்றும், ஆனால் இடுப்பும் நெஞ்சும் சிக்கிய பிறகு கால் வேலை செய்ய இடம் இருக்காது. வெடிப்பின் வாய்ப்பக்கமாகவே நின்று, விழுந்துவிடுவோமோ என்று கொஞ்சம் பயமாக இருக்கிற இடத்தில் உடம்பை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு சாண் ஏற முக்குவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது எந்தத் தோள் உள்ளே என்பது. இதைத் தரையில் நிற்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும், நடுவில் மாற்ற முடியாது, முயன்றால் இருக்கிற தெம்பெல்லாம் அதிலேயே போய்விடும். வலது தோள் உள்ளே போனால் முதுகு வலது சுவரில் படும், நெஞ்சு இடது சுவரைப் பார்க்கும். வெடிப்பு மேலே போகப் போக வலப்பக்கம் சாய்கிறது என்றால் வலது சுவர்தான் நமக்கு அடியில் வருகிற சுவர், அதில் முதுகைக் கிடத்தினால் பாரம் குறையும், ஆக வலது தோள் உள்ளே. இடப்பக்கம் சாய்ந்தால் நேர்மாறு. நேர்க்குத்தாக இருந்தால் விளிம்பு எந்தப் பக்கம் கூர்மை, வெளியே கால் வைக்க முண்டு முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

கைக்கு வருவோம். உள்கையைக் கிட்டத்தட்ட நீட்டி, கொஞ்சம் கீழ்நோக்கி உள்ளே விட்டு உள்ளங்கையால் முன் சுவரைத் தள்ளுங்கள், மேல் கையின் பின்சதையும் தோளும் பின் சுவரில் அழுந்தும். இது ஆர்ம் பார். வெடிப்பு இன்னும் கொஞ்சம் அகலமானால் முழங்கையை மடக்கி அதன் முனையை உள்ளே மேல்நோக்கி ஏற்றி, உள்ளங்கையை நெஞ்சுக்கு எதிரே முன் சுவரில் ஊன்றுங்கள். இதற்கு சிக்கன் விங் என்று பெயர், பாரம் இறங்க இறங்க இறுகும், ஓய்வெடுக்க இதுதான் நல்லது. வெளிக்கை முகத்துக்கு நேரே விளிம்பில் இருக்கட்டும், முழங்கையைத் தூக்கிக்கொண்டு விளிம்பை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். இழுக்க ஆரம்பித்தீர்களோ, உடம்பு கதவு மாதிரி திரும்பி வெளியே வந்துவிடும்.

ஆனால் ஏற்றுவது கை இல்லை, வெளிக்கால். குதிகால் ஒரு சுவரில், விரல் நுனி எதிர்ச் சுவரில் வருகிற மாதிரி பாதத்தை விட்டுத் திருகிப் பூட்டுங்கள். உள்கால் உள்ளே முழங்காலும் பாதமும் எதிரெதிர்ச் சுவரில் அழுந்தியபடி இருக்கும். கை இரண்டும் பூட்டு, வெளிக்காலை நாலு விரல்கடை உயர்த்து, பூட்டு, அதன் மேல் எழுந்து நில், உள்காலைச் சரிசெய், பிறகு கையை உயர்த்து. அவ்வளவுதான் மொத்த வித்தையும். அவசரக்காரன் ஒரு முழம் காலைத் தூக்குவான், பூட்டு விடும், வழுக்கிப் பழைய இடத்துக்கே வருவான். நாலு விரல்கடை நாலு விரல்கடையாகப் போகிறவன் மேலே உட்கார்ந்து பீடி பிடிப்பான் (அடிக்க வேண்டாம், பேச்சுக்குச் சொன்னேன்).

நடுவில் முழங்கால் நுழையாத இடம்தான் உங்கள் ரூட்டில் கஷ்டமாக இருக்கும். அங்கே இரண்டு கையையும் சேர்த்து அடுக்க வேண்டும். ஒரு முஷ்டியும் ஒரு உள்ளங்கையும், அல்லது இரண்டு முஷ்டி, மணிக்கட்டைக் குறுக்காகப் போட்டு. இரண்டு கையும் ஒரே பூட்டில் மாட்டியிருப்பதால் ஒன்றை விட்டால் மற்றதும் விட்டுவிடும், ஆக கையை மேலே நகர்த்துகிற நொடியில் உடம்பைக் காலும் கெண்டைச்சதையும் மட்டும்தான் பிடித்திருக்க வேண்டும். ரேண்டி லெவிட், டோனி யானிரோ என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1980-களில் இந்தக் கை அடுக்கையும் கால் பூட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, தொங்கலான அகல வெடிப்புகளில்கூட ஏறிக் காட்டினார்கள். அதற்கு லெவிடேஷன் என்றே பெயர் ஆகிவிட்டது, லெவிட் பேரைச் சேர்த்து. பெயர்க்கதை கேட்டீர்களே, இது ரூட்டுக்கு இல்லை, உத்திக்கு.

உச்சியில் ஆள் புகுகிற இடத்தில் வேறு கணக்கு. மூச்சை வெளியே விட்டால் நெஞ்சு சுருங்கும், அப்போது நகருங்கள். இழுத்துப் பிடித்தால் நெஞ்சு விரிந்து சுவரில் பூட்டிக்கொள்ளும், அப்போது ஓய்வெடுங்கள். ஹெல்மெட் மாட்டுமா என்று முன்கூட்டியே பாருங்கள், தலை உள்ளே போய்த் திரும்ப முடியாமல் நிற்பது சாதாரணமாக நடப்பது. உள்ளே போகிற பக்கத்து ஹார்னஸ் (இடுப்புப் பட்டை) வளையத்தில் ஒன்றும் தொங்கக் கூடாது, எல்லாம் வெளிப்பக்கம். பாக்கெட்டில் போன், சாவி வேண்டவே வேண்டாம்.

உடுப்பு: பழைய ஜீன்ஸ், முழுக்கை தடிச் சட்டை, சட்டையை உள்ளே விட்டு இறுக்கிக்கொள்ளுங்கள், கணுக்காலை மூடுகிற ஷூ. புறங்கைக்கும் கணுக்காலுக்கும் மருந்துக் கடைப் பிளாஸ்டர். முழங்காலுக்கு வாலிபால் ஆடுகிறவர்கள் போடுகிற நீ பேட், பேண்டுக்கு உள்ளே.

பின்னால் லீட் ஏறுகிற (மேலே கயிறு இல்லாமல், கீழிருந்து கயிற்றைக் கொண்டுபோகிற) எண்ணம் இருந்தால் பெரிய கேம், அதாவது வெடிப்புக்குள் விரிந்து பூட்டிக்கொள்கிற காப்புக் கருவி, வேண்டும். கேமலாட் என்கிற வகையில் 6-ம் எண் 19 செ.மீ. வரை விரியும், 5-ம் எண் 14 செ.மீ. சொச்சம். அதற்கு மேல் போனால் கிரெய்க் லூபன் வடிவமைத்த பிக் ப்ரோ என்கிற ஸ்பிரிங் வைத்த குழாய் இருக்கிறது, குறுக்கே நீட்டிப் பூட்டலாம். எல்லாம் விலை. ஒரே கேமைத் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டே ஏறுவது ஊரெல்லாம் நடக்கிற வழக்கம், ஆனால் அது பிடுங்கிக்கொண்டால் அடியில் ஒன்றும் இருக்காது என்பதை மனதில் வையுங்கள். இப்போதைக்கு டாப் ரோப்பே போதும்.

கிரேடு (ரூட்டின் கஷ்டத்தைச் சொல்கிற எண்) பார்த்து ஏமாற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அளவுகோல் ஒரு காலத்தில் 5.9-ல் முடிந்துவிட்டது, 1960 வாக்கில்தான் 5.10 வந்தது. அந்தப் பழைய காலத்து அகல வெடிப்புகள் பலவும் 5.9 என்ற எண்ணிலேயே நிற்கின்றன, இன்றைக்குப் போய்க் கை வைத்தால் தெரியும்.

மொட்டைமாடி

கருங்கல் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'முஷ்டி ஆடுகிறது' என்பது யாருடைய முஷ்டி என்பதைப் பொறுத்தது. என் கை சின்னது, ஆண்கள் முஷ்டி போட்டுக்கொண்டு ஜாலியாகப் போகிற கிராக் எனக்கு ஆஃப்விட்த். அதே சமயம் அவர்கள் முழங்கால் மாட்டாமல் திணறுகிற இடத்தில் என் முழங்கால் வெண்ணெயாக உள்ளே போய்விடும். அதனால் உங்கள் குழுவில் உயரமானவன் சொல்கிற உத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ரூட்டின் கஷ்டத்தை ஒரே எண்ணில் எழுதுகிற வழக்கமே இந்த மாதிரி இடத்தில் அர்த்தம் இல்லாதது என்பது என் கட்சி, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

சேலத்தில் பழக இடம் கேட்டீர்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடியிலேயே செய்து வைத்திருக்கிறேன். தடித்த பிளைவுட் பலகை இரண்டு, ஆள் நீளத்துக்கு. இரண்டுக்கும் ஊடே நீளமான மரை போட்ட கம்பிகள், இரண்டு பக்கமும் நட்டு. நட்டைத் திருகினால் இடைவெளி கூடும் குறையும், அதாவது ஒரே பெட்டியில் எல்லா அளவும். உள்பக்கம் பெயிண்ட் அடித்து ஈரத்தில் சலித்த மணலைத் தூவிக் காயவிட்டால் பாறை மாதிரியே தோலை உரிக்கும். இதைப் படுக்கை வசத்தில் இரண்டு சுவருக்கு நடுவே ஏற்றி, அடியில் தொங்கிக்கொண்டு போக வேண்டும். தச்சர் கட்டில் என்று நினைத்துத்தான் வேலையை ஒத்துக்கொண்டார், நான் தலைகீழாகத் தொங்கிக் காட்டியதும் கூலியைக்கூட எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பெட்டியைத் தாங்குகிற இரும்பு ஆங்கிளை மட்டும் வெல்டரை வைத்துச் சரியாகப் போடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இந்த யோசனை என்னுடையது இல்லை. டாம் ராண்டல், பீட் விட்டேக்கர் என்று இரண்டு ஆங்கிலேயர்கள், ஷெஃபீல்டில் ராண்டல் வீட்டு நிலவறையில் மரத்தால் கிராக் செய்து அதிலேயே இரண்டு வருடம் தொங்கிப் பழகி, 2011-ல் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் செஞ்சுரி கிராக் என்ற கூரை வெடிப்பை ஏறினார்கள். உலகத்திலேயே கடினமான ஆஃப்விட்த் என்று அப்போது பேசப்பட்டது. அந்த ஊரில் இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே நல்ல அகல வெடிப்பு கிடைக்கும், இவர்கள் கடல் தாண்டி நிலவறையில் பழகிப் போய் முடித்தார்கள். சேலத்து வெயிலில் மதியம் மாடிப் பக்கம் போக முடியாது, காலை ஆறு மணிதான் எனக்கு.

வாரத்துக்கு இரண்டு நாள் போதும். தோள் மூட்டுக்கு இடைவெளி கொடுங்கள். சிக்கன் விங் தோளை மோசமான கோணத்தில் திருகும், வலி வந்த பிறகும் முறுக்கினால் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

எஸ்டேட்காரன்

நான் ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன், கயிறு கட்டி ஏறத் தெரியாது, ஆனால் உங்கள் மாதிரி ஆட்கள் வந்தால் கூடவே நின்று வேடிக்கை பார்ப்பேன். ரெண்டு மூணு விஷயம் சொல்கிறேன்.

தேனீ. எங்கள் மலையில் பெருந்தேனீ பாறை விளிம்பிலும் உயரமான மரத்திலும் ஒற்றை அடையாகக் கட்டும், ஒரு முழத்துக்கு மேல் தொங்கும். பூ இல்லாத காலத்தில் போய்விடும், ஆனால் சீசன் வந்தால் அதே பாறைக்கே திரும்பி வரும். அடை இல்லாத மாதத்தில் பார்த்துவிட்டு இந்தப் பாறை சுத்தம் என்று நினைக்காதீர்கள். பாறையில் பழைய மெழுகுக் கறை வெள்ளையாக, அரைவட்டமாக இருந்தால் அது அவற்றின் வீடு. வெடிப்புக்குள் இடுப்பு வரை மாட்டிக்கொண்டு நிற்கிறவன் தேனீ வந்தால் எங்கே ஓடுவான்? எஸ்டேட்டில் வேலை செய்கிற மலையாளி மக்களைக் கேளுங்கள் (கேரளக்காரர்கள் இல்லை, சேர்வராயன் மலையின் பழங்குடியினர்), எந்தப் பாறையில் எந்த மாதம் அடை விழும் என்று துல்லியமாகச் சொல்வார்கள்.

வெடிப்புக்குள் கை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். பூரான், தேள், வௌவால், சில சமயம் பாம்பு. மழை பெய்து இரண்டு நாள் வரை உள்சுவர் கசிந்துகொண்டே இருக்கும், வெளியே காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எங்களுக்கு ஆடிக் காற்று மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ஏறுவதற்கு மார்கழி, தைதான் சரி.

தோட்டத்துக்குள் பாறை என்றால் பிரச்சினை இல்லை. எல்லைக்கல்லைத் தாண்டி ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள் போனால் வனத்துறை அனுமதி இல்லாமல் நிற்கவே கூடாது. மாமாவிடம் எல்லை எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், மேல் கோடி என்கிறீர்கள், அங்கேதான் எப்போதும் தகராறு.

பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று நாலு இங்கிலீஷ் பெயரைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்த காலத்துக்கு முன்னாலும் இந்தப் பாறைகளில் ஆள் ஏறி இறங்கித்தான் இருக்கிறார்கள். ஆடு மேய்க்கிறவர், தேன் எடுக்கிறவர், விறகு பொறுக்குகிறவர் எல்லோருக்கும் பாறைக்குப் பாறை அடையாளம் வேண்டுமே. பெயர் இல்லாத பாறை என்று நீங்கள் நினைப்பதற்கு யாரோ ஏற்கெனவே பெயர் வைத்திருப்பார்கள். கேட்டுவிட்டு வையுங்கள்.

ராத்திரி_ரயில்

பெயர்க் கேள்விக்குத்தான் நான் வந்தேன், மன்னிக்கவும், நீளமாகப் போகும்.

வழக்கம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: முதலில் ஏறி முடித்தவருக்குப் பெயர் வைக்கிற உரிமை. மற்றபடி எழுதி வைத்த விதி கிடையாது. ஆனால் பழைய பெயர்களைப் பார்த்தால் சில போக்குகள் தெரியும்.

சில பெயர்கள் பார்த்ததும் புரியும். இங்கிலாந்தில் கர்பர் எட்ஜ் என்ற இடத்தில் ஜோ பிரவுன் ஏறிய பீபாட், பட்டாணி நெற்று வடிவத்தில் நடுவில் உப்பி இரண்டு முனையும் குறுகின வெடிப்பு. கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் ஆஃப்விட்த் பழகுகிற எல்லோரும் போகிற ஜெனரேட்டர் கிராக், பக்கத்தில் ஜெனரேட்டர் நிலையம் இருந்தது, அவ்வளவுதான் கதை. அங்கேயே எல் கேப்பிடன் என்ற பெரும்பாறையில் ஒரு நீண்ட அகல வெடிப்புக்கு மான்ஸ்டர் ஆஃப்விட்த் என்றே பெயர், அலெக்ஸ் ஹொனால்ட் 2017 ஜூனில் கயிறில்லாமல் ஃப்ரீரைடர் என்ற ரூட்டை ஏறியபோது அதன் வழியாகத்தான் போனார்.

பயமுறுத்துகிற பெயர்கள் இன்னொரு கூட்டம். சக் பிராட் என்று ஒருவர், யோசெமிட்டியில் 1960-களில் அகல வெடிப்பு என்றால் அவர்தான். அவர் ஏறியதில் ஒன்றின் பெயர் கிராக் ஆஃப் டூம், அதாவது அழிவின் வெடிப்பு. 1965-ல் கிறிஸ் ஃப்ரெட்ரிக்ஸுடன் ஏறியது ட்வைலைட் ஸோன். அப்போது கேம் என்ற பொருளே கிடையாது, ரே ஜார்டினின் ஃப்ரெண்ட்ஸ் என்ற கேம் கடைக்கு வந்தது 1978 வாக்கில்தான். விழுந்தால் கதி அதோகதி என்கிற நிலையில் ஏறிவிட்டு வந்தவர் மல்லிகைப் பந்தல் என்றா பெயர் வைப்பார்?

ஆள் பெயரைப் பற்றி உங்கள் நண்பனிடம் இதைச் சொல்லுங்கள். ஜான் சலாத்தே என்பவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்கா போன கொல்லர். யோசெமிட்டி கிரானைட்டில் மெல்லிரும்பு ஆணிகள் வளைந்துபோனதைப் பார்த்து, உறுதியான எஃகில் தானே பாறையாணி அடித்தார். 1950 கோடையில், வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு, ஆலன் ஸ்டெக்குடன் சென்டினல் பாறையின் வடக்குச் சுவரை ஐந்து நாள் வெயிலில் கிடந்து ஏறினார். அந்த வழியில் நேரோஸ் என்று ஒரு பகுதி உண்டு, ஆள் நசுங்கிக்கொண்டு மேலே போக வேண்டிய இடுக்கு, இன்றைக்கும் அதைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். அந்த ரூட்டுக்கு ஏறிய இருவர் பெயரும் சேர்ந்து ஸ்டெக்-சலாத்தே என்று ஆனது. இதில் எனக்குப் பிடித்தது அடுத்த பகுதிதான். 1961-ல் ராயல் ராபின்ஸ், சக் பிராட், டாம் ஃப்ராஸ்ட் மூவரும் எல் கேப்பிடனில் ஒரு புது வழி போட்டார்கள், அதற்கு சலாத்தே வால் (சலாத்தே சுவர்) என்று பெயர். சலாத்தே அதில் ஏறியதில்லை. அவர் காட்டிய வழியில் நாங்கள் போனோம் என்று மரியாதைக்கு வைத்த பெயர். மாமா பாறை ஏறாவிட்டாலும் சோறு போட்டவர், ஆக முன்னுதாரணம் இருக்கிறது.

பெயர் மாறுவதும் உண்டு. வாரன் ஹார்டிங், கிளென் டென்னி, சக் பிராட் 1959-ல் யோசெமிட்டியில் வாஷிங்டன் காலம் (தூண்) என்ற பாறையின் கிழக்கு முகத்தை ஆணி அடித்துத் தொங்கி ஏறி முடித்தார்கள், பெயர் கிழக்கு முகம்தான். 1975-ல் ஜான் லாங், ரான் காக், ஜான் பாக்கர் மூவரும் அதையே கருவியில் தொங்காமல் கையாலும் காலாலும் ஏறி ஆஸ்ட்ரோமேன் என்று புதுப் பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் நடுவில் உள்ள கொடூரமான இடுக்குக்கு இன்னும் ஹார்டிங் ஸ்லாட் என்றுதான் பெயர். ரூட்டின் பெயர் போனாலும் இடுக்கு அவருக்கே மிஞ்சியது. இன்னொரு மாற்றம் 2020-க்குப் பிறகு: பெண்களையும் கறுப்பின மக்களையும் இழிவு செய்கிற ரூட் பெயர்கள் அமெரிக்காவில் நிறைய இருந்தன, கண்டனம் கிளம்பி வழிகாட்டி நூல்களிலும் தளங்களிலும் பலவற்றை எடுத்துவிட்டார்கள். நாலு பேர் சிரிக்க வைத்த பெயர் நாற்பது வருடம் கழித்து யாரோ ஒரு பெண் கயிற்றில் தொங்கிக்கொண்டு கத்திச் சொல்ல வேண்டிய பெயர் என்பதை யாரும் யோசிக்கவில்லை. 'மாமியார் வீடு' அந்த அளவுக்கு மோசம் இல்லை, ஆனால் பழைய ஜோக், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் ஏறுகிற கல்லின் பெயரே ஒரு தனிக் கதை. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற வகைக் கல். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இருக்கிறது, அதன் மேல் பதித்த கல் நம் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அந்த வகைப் பாறைக்கே சார்னாக் பெயரை வைத்துவிட்டார். பரங்கிமலையும் அதே வகைக் கல்தான். கல்லறைப் பெயர் கொண்ட கல்லில் உங்களுக்கு மாமியார் வீடு வேறு வேண்டுமா?

நாகலூர்_காற்று

எல்லோருக்கும் நன்றி. போன வாரம் வெளியே நின்று ஏறிப் பார்த்தேன், கருங்கல் அண்ணா சொன்ன மாதிரி நாலு விரல்கடையாக. கால் முழங்கால் எல்லாம் சிராய்ப்பு, ஆனால் நடுப்பகுதி வரை நிற்காமல் போக முடிந்தது. கை அடுக்கு இன்னும் வரவில்லை, கையை எடுக்கிற நொடியில் பின்னால் சாய்கிறேன். அதற்கு ஏதாவது யோசனை?

எஸ்டேட்காரன் சொன்னதைக் கேட்டுத் தோட்டத்துக் காவல்காரர் தாத்தாவிடம் விசாரித்தேன். அவர் யோசிக்கவே இல்லை, "அது ஆந்தைப் பொடவுங்க தம்பி" என்றார் (பொடவு என்றால் பாறைப் பொந்து). அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அதுதான் பெயராம். மாமா பெயர் கட்சி தோற்றுவிட்டது, சாப்பாடு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கருங்கல்

பின்னால் சாய்வதற்குக் காரணம் இடுப்பு பாறையை விட்டு விலகி நிற்பது. காலைப் பூட்டிய பிறகு கையை எடுக்கும் முன் வயிற்றை இறுக்கி இடுப்பைப் பாறையோடு ஒட்டுங்கள், பூட்டிய காலின் குதிகாலைப் பின்பக்கமாக இழுங்கள். தரைக்கு ஓரடி உயரத்தில் அதை மட்டும் பழகுங்கள்: கால் பூட்டு, கை இரண்டையும் விடு, நிற்க முடிகிறதா பார். முடிந்த பிறகு மேலே போங்கள்.

எஸ்டேட்காரன்

தம்பி, தாத்தா ஆந்தை என்று சொன்னாரென்றால் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். கொம்பன் ஆந்தை இந்த மாதிரி பாறைத் திட்டிலும் பொடவிலும்தான் முட்டையிடும், கூடு என்று தனியாகக் கட்டாது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதற்குச் சீசன். அடியில் எலி எலும்பும் மயிரும் சேர்ந்த உருண்டைகள் கிடந்தால், வெள்ளை எச்சம் பாறையில் வழிந்திருந்தால், ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நான் மார்கழி, தை என்று சொன்னதும் அதே மாதங்கள்தான்.

ராத்திரி_ரயில்

யோசெமிட்டியில் பைரி வல்லூறு குஞ்சு பொரிக்கிற மாதங்களில் அந்தந்தச் சுவரை மட்டும் மூடிவிட்டு, குஞ்சு பறந்ததும் திறப்பார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். உருண்டை கிடந்தால் மே மாதம் வரை மொட்டைமாடி அக்காவின் பெட்டியில் தொங்குங்கள்.

மொட்டைமாடி

வரலாம், ஆனால் பிளாஸ்டர் அவரவர் வாங்கிக்கொண்டு வர வேண்டும். காலை ஆறு மணிக்கு மேல் கதவு திறக்க மாட்டேன்.